சமையல் அக்காவுக்கு ஒரு போஸ்டர்

கல்வி வலயக் கூட்டத்துக்குப் போய்விட்டு வந்த எங்கள் அதிபர், மறுநாள் காலைக் கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டுத் தன் போனைக் காட்டினார். டவுனில் உள்ள ஏதோ ஒரு பெரிய பாடசாலை தன் ஆசிரியர்களுக்காகச் செய்த படங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். வட்டத்துக்குள் முகம், பக்கத்தில் குட்டிக் குட்டிச் சித்திரங்கள், வேலைக்குச் சேர்ந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை ஒரு கோடு, அடியில் பிள்ளைகள் சொன்ன ஒரு வரி. இன்ஃபோகிராஃபிக் என்று பெயராம்.

"ஆசிரியர் தினத்துக்கு நாமளும் இப்படிச் செய்வோம் டீச்சர். நம்ம ஸ்கூலுக்கு என்னா கொறச்சல்?" என்றார்.

அவர் வாயில் 'நாமளும்' என்று வந்தால் அது நான் என்று அர்த்தம். நான் தமிழ் படித்துத் தமிழ் சொல்லிக் கொடுக்க வந்தவள். தெரணியகலை பஜாரில் அப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. அந்தக் கடைக்குத் தைப்பொங்கல் வாழ்த்து, புதுவருட வாழ்த்து என்று போனில் நாலு படம் செய்து போட்டேன். அவ்வளவுதான், பாடசாலையில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில் வந்து விழுந்தது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை.

எங்கள் பாடசாலை டவுனுக்கு மேலே, ரப்பர் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. அங்கே சிக்னல் என்பது தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும் கிடைக்கிற பொருள். அதனால் படம் செய்கிற வேலையைக் கடையில் உட்கார்ந்துதான் செய்தேன். சாயந்தர பஸ்ஸில் இறங்கி, அப்பாவின் கல்லாவுக்குப் பின்னால் ஒரு அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தால், ஒரு பக்கம் பருப்பு நிறுக்கிற சத்தம், மறுபக்கம் "மாமே, சீனி தியெனவத?" என்று சிங்களத்தில் சீனி கேட்கிற சத்தம், நடுவில் நான்.

இணையத்தில் அந்த டிசைன் செய்கிற இடத்தைத் திறந்தால் ஆயிரம் மாதிரிகள் வருகின்றன. ஆசிரியர் என்று தேடினால் எல்லாவற்றிலும் ஒரு ஆப்பிள். ஆசிரியருக்கும் ஆப்பிளுக்கும் என்ன உறவோ தெரியவில்லை. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் டீச்சருக்குக் கொண்டுவருவது ரம்புட்டான், நல்ல காலத்தில் ஒரு பலாச்சுளை. மாதிரிகளில் சிரிக்கிற ஆசிரியைகளோ பனி பெய்கிற ஊர்க்காரர்கள். கொஞ்சம் அழகாக ஏதாவது கண்ணில் பட்டால் அதன் மூலையில் ஒரு கிரீடம் இருக்கும். கிரீடம் இருந்தால் காசு கட்ட வேண்டும். அப்புறம் தமிழ் எழுத்து. நான் ஆசையாகத் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. ஒன்றிரண்டு எழுத்துருக்கள்தான் ஒழுங்காக ஒட்டின.

ஆசிரியர்களிடம் விவரம் வாங்குவது அதைவிடப் பெரும்பாடு. கணித சேர் இருபது வருடத்துக்கு முந்திய கல்யாணப் படத்தைக் கொடுத்தார். "அதுலதான் டீச்சர் முடி இருக்கு" என்றார். எங்களுக்கு இரண்டாம் மொழி சொல்லித்தருகிற சிங்கள மிஸ் தன் பெயரை இரண்டு எழுத்திலும் போடச் சொன்னார். யாரும் தாங்களாக எதையும் பெருமையாகச் சொல்லவில்லை; ஆனால் நான் அதைப் போடாமல் விட்டால் விடவும் இல்லை. எல்லாம் ஒரு மாதிரி முடிகிற நேரத்தில் அதிபர் புதிதாக ஒன்று சொன்னார்.

"சமையல் அக்காவையும் போடுங்க டீச்சர். மொத போஸ்டர் அவங்களோடதா இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஒண்ணா குரூப்புல போடுவோம்."

எனக்கு அவர்மேல் மரியாதை வந்த நாள்களில் அது ஒன்று.

சமையல் அக்கா எங்கள் பிள்ளைகளுக்கு இன்டவல் என்கிற இடைவேளைச் சாப்பாடு ஆக்குகிறவர். ஒரு காலத்தில் மலையில் கொழுந்து எடுத்தவர். முட்டி வலிக்க ஆரம்பித்ததும் பாடசாலை அடுப்பங்கரைக்கு வந்தார். வாய் கொஞ்சம் நீளம். வரிசையில் தள்ளுகிற பயலைக் கரண்டியைக் காட்டி மிரட்டுவார், அடுத்த நிமிடம் அதே பயலுக்கு இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றுவார். வீட்டில் தனி ஆள்.

அவருக்கு ஒரே மகள். அவிசாவளைப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் தைக்கிற வேலை, அங்கேயே போடிங்கில் தங்கியிருக்கிறாள். அக்காவின் புருஷன் இறந்த அன்று மகளுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். வேலைத்தளத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அதனால் சாயந்தரம்தான் செய்தி பார்த்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்து மழை, மண்சரிவு, பாதை அடைப்பு. அவள் வந்து சேர்ந்தபோது எடுத்து அடக்கம் செய்து முடித்தாகிவிட்டது. பெற்ற தகப்பன் முகத்தைப் பார்க்க வராதவள் என்று அக்கா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். சொன்னதோடு கதவையும் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு மகள் போட்ட போனையும் எடுக்கவில்லை. மகளும் கொஞ்ச நாளில் போன் போடுவதை விட்டுவிட்டாள். இதெல்லாம் தோட்டம் முழுக்கத் தெரிந்த கதை. அக்காவின் முன்னால் மட்டும் யாரும் பேசுவதில்லை.

நான் போனோடு அடுப்பங்கரைக்குப் போனபோது அக்கா கங்குன் கீரை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என் மூஞ்சியெல்லாம் எதுக்கு டீச்சர்? படிச்சவங்களப் போடுங்க."

"சேர் சொல்லிட்டாரு அக்கா. ஒரு நாளைக்கு எத்தன புள்ளைங்களுக்குச் சமைக்கிறீங்க, எவ்வளவு அரிசி போடுறீங்க, அதையெல்லாம் சொல்லுங்க. படத்துல அழகா நம்பர் போட்டுக் காட்டலாம்."

கீரைக் கத்தி நின்றுவிட்டது. "சாப்புடுற புள்ளைய எண்ணக்கூடாது. கண்ணு பட்டுரும். ஒலையில போடுற அரிசிய எண்ணுனா அன்னைக்குப் பத்தாமப் போயிரும். இம்புட்டு நாளா எண்ணாமதான் போடுறேன், பத்தாமப் போனதுண்டா?"

இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. எண்கள் இல்லாமல் எப்படி ஒரு இன்ஃபோகிராஃபிக் செய்வது என்று எரிச்சலோடு திரும்பினேன். வாசல் தாண்டுவதற்குள் அக்கா கூப்பிட்டார்.

"டீச்சர், இது போன்லதான போடுவீங்க? தோட்டத்துக்குள்ள மட்டுமா, வெளியூருக்கும் போகுமா?"

"எங்க வேணும்னாலும் போகும் அக்கா. ஒருத்தர் பாத்து இன்னொருத்தருக்கு அனுப்புனா அவ்வளவுதான்."

"அவிசாவளைக்கெல்லாமா?"

"போகும்."

அக்கா கீரையைத் திரும்ப நறுக்கத் தொடங்கினார். மறுநாள் காலையில், நான் கேட்காமலே, சேலை முந்தானையில் முடிந்து ஒரு படம் கொண்டுவந்தார். அடையாள அட்டைக்காக ஸ்டூடியோவில் எடுத்தது. நீலத் திரைக்கு முன்னால், சிரிக்காமல், பார்ப்பவரை முறைத்துக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையில் புதிதாக ஒன்று எடுக்கிறேன் என்றேன். புகையில் எடுத்தால் கறுப்பாக விழும், இதுதான் லட்சணமாக இருக்கிறது என்று ஒரே பிடி. மகள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் படம் வந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் நான் மற்ற யாருக்கும் செய்யாத அளவு அந்தப் படத்துக்காக மெனக்கெட்டேன்.

அந்த மெனக்கெடல்தான் வினையாகப் போனது.

ஆப்பிள் வைத்த மாதிரியை ஒதுக்கினேன். நம்ம ஊருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தேடி, காசில்லாத ஒரு மல்லிகைப்பூ வளையம் கண்டுபிடித்து, அதற்குள் அக்காவின் முகத்தை வைத்தேன். எண்கள் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அங்கே இரண்டு பக்கமும் இரண்டு குத்துவிளக்கு. பின்னணிக்கு ஊதா, ஏனென்றால் நீலத் திரைப் படம் அதில்தான் எடுப்பாக விழுந்தது. முகத்துக்குக் கீழே அவர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, ஒரு கோடு, இந்த ஆண்டு. பிள்ளைகள் சொன்னது "அக்கா வைக்கிற பருப்பு செம்ம" என்பது. போஸ்டரில் அப்படியா போடுவது? தமிழ் டீச்சர் அல்லவா, "உங்கள் கைப்பக்குவத்தை என்றும் மறவோம்" என்று திருத்திப் போட்டேன். அதிபருக்கு அனுப்பினேன். "மங்களகரமா இருக்கு டீச்சர்" என்று பதில் வந்தது. காலையில் பஸ் ஏறுமுன் பெற்றோர் குரூப்பில் போட்டேன்.

பஸ் கிளம்புவதற்குள்ளேயே கும்பிடுகிற கைகள் வர ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, அப்புறம் வரிசையாக. அடடா, நன்றி சொல்கிறார்களே, அக்காவுக்கு இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன். ரப்பர் காட்டுக்குள் பஸ் நுழைந்ததும் சிக்னல் போய்விட்டது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சந்தோஷமாகவே போய் வகுப்பெடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் படம் போட்டுப் போஸ்டர் அடிக்கப்படுகிறவர்கள் இரண்டே வகை. ஓட்டுக் கேட்கிறவர்கள், செத்துப்போனவர்கள். சமையல் அக்கா தேர்தலில் நிற்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது அதற்கும் மேலே.

முதலில் வந்தவர் தோட்டத்து மரணாதார சங்கத் தலைவர். சாவு வீட்டுக்குக் கூடாரம் கட்டுவது, உட்காரக் கதிரை போடுவது, பாதையில் வெள்ளைக் கொடி கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. டிராக்டரில் கதிரைகளை ஏற்றிக்கொண்டு அக்காவின் லயத்து வீட்டுக்குப் போய், கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து, கதிரைகளை வாசலில் இறக்கிவிட்டு, பாடசாலையில் வைத்தே உயிர் போயிருக்கும் போல என்று நேரே இங்கே வந்துவிட்டார். கையில் இன்னும் ஒரு கட்டு வெள்ளைக் கொடி. இன்டவல் நேரம். அக்கா வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

தலைவர் அப்படியே நின்றார்.

"என்னா பாக்குறீங்க? சோறு வேணும்னா தட்டு எடுத்துட்டு வாங்க" என்றார் அக்கா.

விஷயம் வெளியே வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான் தண்ணீர்த் தாங்கிக்கு ஓடிப் போனைத் திறந்தேன். கும்பிடு கைகளுக்குக் கீழே "ஆழ்ந்த அனுதாபங்கள்", "நேத்துகூட பேசுனாங்களே", "எத்தன மணிக்கு எடுக்குறாங்க?" என்று குவிந்திருந்தது. படத்தை அழித்துவிட்டு, அக்கா நலமாக இருக்கிறார், அது பாராட்டுப் படம் என்று எழுதிப் போட்டேன். வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. அந்த மல்லிகைப்பூ வளையத்துக்குக் கிரீடம் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா?

திரும்பி வந்தபோது அக்கா திண்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "கதிர எல்லாம் ஏத்திக்கிட்டாங்களாம்ல! ஏன் டீச்சர், கூட்டம் நல்லா வந்திருக்குமா?" பிள்ளைகளும் சிரித்தார்கள். அதிபரும் சங்கடத்தோடு சிரித்தார். தலைவர் மட்டும் கொடிகளை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றார். பிறகு, சிரிப்பு நின்ற மாதிரி இல்லாமலே அக்காவின் முகம் மாறியது.

"டீச்சர். அவளுக்கும் போயிருக்குமா?"

போயிருக்கும் என்றேன். அக்கா மகளின் நம்பரைச் சொன்னார். எழுதி வைத்துப் பார்த்துச் சொல்லவில்லை, மனப்பாடமாகச் சொன்னார். நான் திரும்பத் தாங்கிக்கு ஓடினேன். அழைத்தேன். தொடர்பு கொள்ள முடியாத இடத்தில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி அழைத்தேன். அதே பதில். வந்து சொன்னபோது அக்கா கழுவின அண்டாவையே இன்னொரு தரம் எடுத்துக் கழுவினார். அவர் நினைத்தது இப்படி ஒரு செய்தியை அல்ல. உயிரோடு, லட்சணமாக, டீச்சர்மாருக்குச் சமமாக ஒரு படத்தில் தாயைப் பார்த்து மகள் தானாக ஒரு போன் போடட்டும் என்றுதான் நினைத்தார். இப்போது அவள் எங்கேயோ ஒரு பாதையில் தாயில்லாத பிள்ளையாக வந்துகொண்டிருந்தாள். அல்லது வராமலும் இருக்கலாம். அக்கா அண்டாவைத் தேய்த்த வேகத்தில் அந்த இரண்டாவது பயமும் இருந்தது.

பாடசாலை விட்டும் நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. அதிபரும் போகவில்லை. அக்கா லயத்துக்குப் போக மறுத்துவிட்டார். கதிரை போட்ட வாசலைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றார். தலைவர் பரிகாரம் செய்கிறவர் மாதிரி எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

கேட்டுக்கு வெளியே ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடையில் ஒரு பெண் இறங்கினாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கையில் கடைப் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பூட்டின லயத்தைப் பார்த்துவிட்டு யாரையாவது கேட்கலாம் என்று வந்திருக்கிறாள் போல. முற்றத்தில் நாலடி வைத்தவள் அடுப்பங்கரை வாசலில் நின்ற ஆளைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வழியெல்லாம் அவள் அழுகையைக் கேட்டுக்கொண்டு வந்த சிங்கள டிரைவர் பையன் என்னைப் பார்த்து, "அம்மா இன்னவானே!" என்றான். அம்மாதான் இருக்கிறாரே என்று எனக்கும் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அக்கா மெதுவாக நடந்து போய் அவளுக்கு முன்னால் நின்றார். குனியவில்லை. கூப்பிடவில்லை.

"இந்த வாட்டியாவது மொகத்தப் பாத்துறணும்னு வந்தேன்மா" என்றாள் மகள். "நைட் ஷிப்ட் முடிச்சிட்டுப் படுத்திருந்தேன். படத்தப் பாத்ததும் யாருகிட்டயும் சொல்லல, கேக்கல, ஓடியாந்துட்டேன். எடுத்துருவாங்களோ எடுத்துருவாங்களோன்னு வழி பூரா..."

அன்றும் இப்படித்தான் வந்திருப்பாள். மழையில், அடைபட்ட பாதையில், இதையே சொல்லிக்கொண்டு வந்திருப்பாள். அது அக்காவுக்கு அந்த நிமிடத்தில் விளங்கியது என்று நினைக்கிறேன். அவர் முகம் கோணிப்போனது. ஆனால் அவர் அழுகிற ஆள் இல்லை. குனிந்து அந்தப் பையை வாங்கினார். உள்ளே ஒரு சேலை. பாசிப்பச்சை, மஞ்சள் கரை. அதை விரித்துத் தோளில் போட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல கலரு. எனக்கு எடுக்கும்."

"அம்மா! கோடிம்மா அது!" மகள் பதறி எழுந்தாள். செத்தவர் உடம்பில் போர்த்தத்தான் கோடி எடுத்து வருவார்கள். அவள் தாய்க்குப் போடவென்று அவிசாவளையில் பஸ் ஏறுமுன் வாங்கியது. சங்கத் தலைவரும் ஓடிவந்தார். "வேணாங்கக்கா, உசுரோட இருக்கவங்க ஒடம்புல அது படவே கூடாது. எரிச்சிருவோம், குடுங்க."

"எம்மக எனக்கு எடுத்த சீலைய எரிக்கிறதா?" அக்காவின் குரல் பழைய குரலுக்கு வந்துவிட்டது. "நான் போனப்பெறகு போர்த்துனா கலரு நல்லாருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியவா போவுது? ஆசிரியர் தினத்துக்கு மேடையில கூப்புடுறேன்னு சேர் சொல்லியிருக்காரு. கட்டிக்கிட்டுப் போவ எனக்கு ஒண்ணும் இல்ல. இதைத்தான் கட்டுவேன்."

அதிபர் தலையை ஆட்டினார். தலைவர் கொடிக் கட்டை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார். மகள் மட்டும் சேலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஜாக்கெட்டுத் துணி எடுக்கலம்மா" என்றாள் மிக மெதுவாக. கோடிக்கு எதற்கு ஜாக்கெட்? அவள் அதை நினைத்திருக்கவே மாட்டாள்.

"இதுலயே வெட்டித் தைய்யி. சீலை நீளமாத்தான இருக்கு."

"அளவு எடுக்கணும்."

மனையியல் அலுமாரியில் அளவு நாடா இருந்தது. நான்தான் ஓடிப் போய் எடுத்து வந்தேன். மகள் அதைக் கையில் சுற்றிக்கொண்டு தாயின் அருகே போனாள். எத்தனையோ பேருடைய சட்டைகளைத் தைத்த கை, நாடாவின் முனையைத் தேடித் தேடிப் பிடித்தது.

"கையத் தூக்குங்கம்மா."

அக்கா இரண்டு கைகளையும் தூக்கினார். மகள் நாடாவை அவர் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து, முன்னால் சேர்க்காமல், அப்படியே அவர் தோளில் முகத்தை வைத்துவிட்டாள். நாடா கீழே விழுந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது, நான் மறைக்கவில்லை. அக்கா தூக்கிய கைகளைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு ஒரு கையை இறக்கி மகளின் தலையில் வைத்தார்.

"அளவ ஒழுங்கா எடு. இறுக்கித் தைச்சிராத" என்றார். "அடுத்த வருஷமும் நான் இதைக் கட்டணும்."